தூண்டில்காரன் எந்த ஊர்க்காரன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை கடிதப் பகுதியில் புதுச்சேரி வாசகர் ஒருவர், பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பவர்களுக்கும் வேட்டையாட விரும்புகிறவர்களுக்கும் வெளிநாடுகளைப் போல உரிமச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளியூர்க்காரருக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு கட்டணம் வைத்தால் அரசுக்கு வருமானம் வரும் என்பது அவர் கணக்கு. அவர் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். மீதிப் பாதிக்காகத்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் நீண்டுவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள்; ஏரிக்கரையில் நடந்ததை மட்டும் விட்டுவையுங்கள்.

நான் ஓய்வுபெற்ற நில அளவர். முப்பத்து நான்கு ஆண்டுகள் சங்கிலியோடும் புலப்படத்தோடும் வரப்பு வரப்பாக நடந்தவன். வயது 68. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். பன்னிரண்டு வயதில் அப்பாவின் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு கெடிலம் ஆற்றங்கரைக்குப் போனது முதல் இன்றுவரை தூண்டிலை விடவில்லை. அப்போது மயிலிறகுத் தண்டில்தான் தக்கை. இப்போது மகன் வாங்கி அனுப்பிய ஃபைபர் கழியும் ரீலும் இருக்கின்றன. ஆனால் கெண்டைக்கு இன்றும் மைதா மாவு உருண்டைதான், கெளுத்திக்கு மண்புழுதான். எந்தத் தொழில்நுட்பமும் இந்த இரண்டையும் மாற்றவில்லை.

வேட்டை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் பேச ஒன்றும் இல்லை. என் பெரியப்பாவிடம் ஒற்றைக் குழல் துப்பாக்கி இருந்தது. மார்கழி, தை மாதங்களில் உள்ளான், கிளுவை என்று நீர்ப்பறவைகளைச் சுட்டுக்கொண்டு வருவார். பெரியம்மா மிளகு தூக்கலாகப் போட்டு வறுப்பார். நானும் சாப்பிட்டிருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட வேட்டை அடியோடு நிற்கவில்லை. சிறு வேட்டை, பெரு வேட்டை என்று பிரித்து உரிமம் கொடுக்க அதில் வழி இருந்தது. 1991-இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்த வழியை மூடிவிட்டார்கள். 2022 திருத்தத்தில் பொதுவான அபராதத்தின் உச்சவரம்பை ஒரு லட்சம் ரூபாய் ஆக்கினார்கள். ஆகவே நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு உள்ளூர்க் கட்டணம், வெளியூர்க் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மூடிய கதவை மறுபடி தட்ட வேண்டாம் என்று அந்த வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். பெரியப்பாவும் இல்லை, அவ்வளவு கிளுவையும் இப்போது வருவதில்லை.

மீனுக்கு வருகிறேன்.

போன மார்கழியில் மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, பேரனை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஓர் ஏரிக்குப் போனேன். தமிழ்நாடும் புதுச்சேரியும் தோளுரசும் பகுதியில் இருக்கிறது. பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் யாரோ ஒருவரின் வேலை போகும், ஏரி அப்படியேதான் இருக்கும். மதகுக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஒதுங்கி உட்கார்ந்தோம். பேரன் இரண்டு ஜிலேபிக் கெண்டை பிடித்திருந்தான், உள்ளங்கை அகலம்தான். பைக்கில் ஓர் இளைஞர் வந்தார். ஏரி மீன் பாசி குத்தகைக்கு, அதாவது மீன் பிடிக்கும் உரிமை ஒருவருக்குக் குத்தகைக்கு, போயிருக்கிறது என்றார். நல்லது, தெரியாது என்றேன். "எந்த ஊர்?" என்று கேட்டார். கடலூர் என்றேன். "அப்படியானால் வெளியூர். இருநூறு ரூபாய் கொடுங்கள், இல்லையென்றால் கழியை எடுத்துக்கொள்வேன்" என்றார்.

மற்றவர்களைக் கை காட்டினேன். அவர்கள் உள்ளூர், அவர்களுக்குக் கிடையாது என்றார்.

கொடுத்தேன். பேரன் முன்னால் தகராறு எதற்கு? ஆனால் தொழில் புத்தி விடவில்லை, ரசீது கேட்டேன். அவர் சிரித்தார். "மீனுக்கெல்லாம் ரசீதா, பெரியவரே?" என்றார்.

அந்த ஏரியின் நீர்ப்பிடிப்பு எல்லையை 1980-களில் அளந்தவர்களில் நானும் ஒருவன். முழங்கால் சேற்றில் நின்று எல்லைக்கல் நட்டிருக்கிறேன். அதை அந்த இளைஞரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் சிரித்திருப்பார்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. வாசகர் கேட்கும் வெளியூர்க் கட்டணம் இங்கே ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது! விகிதம் உண்டு, வசூலிக்க ஆள் உண்டு, குடியிருப்பு விசாரணைகூட உண்டு. சட்டமும் ரசீதும் மட்டும்தான் இல்லை.

இதையே நான் இன்னோர் ஊரில் வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன். 2019 கோடையில் மூன்று மாதம் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தோம், டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில். ஒரு நாள் கால்வெஸ்டன் கடற்கரைக்கு மீன் பிடிக்கப் புறப்பட்டோம். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, "அப்பா, உங்களுக்குச் சீட்டு வாங்க வேண்டும்" என்றான். கடலில் மீன் பிடிக்கச் சீட்டா என்று கேட்டேன். கடலூர்க்காரன் வேறு என்ன கேட்பான்? ஒரு நாள் சீட்டு எனக்கு 16 டாலர். டெக்சாஸில் குடியிருப்பவராக இருந்தால் அதே சீட்டு 11 டாலர். குடியிருப்பவர் யார் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் முதல் அளவுகோல் எளிமையானது: ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து அந்த மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும்.

இதில்தான் எனக்கு வியப்பு. என் மகன் அந்த நாட்டுக் குடிமகன் இல்லை. வேலை விசாவில் இருப்பவன், ஓட்டு கிடையாது. ஆனால் மீன் விஷயத்தில் அவன் உள்ளூர்க்காரன். அடுத்த மாநிலமான லூசியானாவில் ஏழு தலைமுறையாக வாழும் ஒருவர் அங்கே வந்தால், அசல் அமெரிக்கராக இருந்தும் என்னைப் போல வெளியூர்க்காரர். குடியுரிமை ஒன்று, குடியிருப்பு இன்னொன்று. மீனுக்கு எது தேவை என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை.

அன்று என் தூண்டிலில் ஒரு மீன் சிக்கியது. நம் கத்தாளைக் குடும்பத்தைச் சேர்ந்தது, செம்பு நிறம், வாலருகே கறுப்புப் பொட்டு. நல்ல கனம். குழம்புக்கு ஆயிற்று என்று நினைத்தேன். மகன் அளவுநாடாவை எடுத்தான். அந்த மீனை 20 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் எடுக்கக் கூடாது. 28 அங்குலத்துக்கு மேல் போனால் அதற்கென்று தனி அடையாளச் சீட்டு வேண்டும். இடைப்பட்ட அளவில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று மீன். என் மீன் 19. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் நிலத்தை அங்குலக் கணக்கில் அளந்தவனுக்கு அந்த ஓர் அங்குலத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லைதான். ஆனாலும் விட்டோம். குஞ்சாக இருக்கையில் பிடிபடாமல் இருந்தால் ஒரு முறையாவது முட்டையிடும், பெரியதாகிவிட்டால் நிறைய முட்டையிடும், அதனால் இரண்டு முனையையும் காக்கிறோம் என்று மகன் விளக்கினான். பிற்பகலில் சீருடை அணிந்த காவலர் ஒருவர் வந்து சீட்டையும் வாளியையும் பார்த்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்று விசாரித்தேன். பழைய அரசு ஊழியனுக்கு இந்த வியாதி உண்டு. அங்கே 1937-இல் ஒரு மத்தியச் சட்டம் செய்திருக்கிறார்கள். வேட்டைச் சீட்டு விற்ற பணத்தை மாநில அரசு வேட்டை, மீன் துறையின் வேலைக்குத் தவிர வேறு எதற்குத் திருப்பினாலும் மத்திய நிதி கிடைக்காது. 1934 முதல் வாத்து வேட்டைக்காரர்கள் ஆண்டுதோறும் தபால்தலை போன்ற ஒரு தனி முத்திரை வில்லையை வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் வாத்துகள் வந்து தங்கும் சதுப்பு நிலங்களை வாங்குகிறார்கள். அரசுக்கு வருமானம் என்று எழுதிய வாசகர் இதைக் கவனிக்க வேண்டும். வருமானம் அரசுக்கு வந்தால் போதாது, அது அந்த ஏரிக்கே திரும்பிப் போக வேண்டும்.

வெளியூர்க்காரரிடம் கூடுதலாக வாங்குவது நியாயமா என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு நடந்திருக்கிறது. மகன் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் உட்கார்ந்து இரண்டு தீர்ப்புகளைப் பற்றிப் படித்தேன். வேறு வேலை என்ன? முதலாவது 1948-இல். தென் கரோலினா மாநிலம் தன் கடலில் இறால் பிடிக்கும் உள்ளூர்ப் படகுக்கு 25 டாலரும் வெளி மாநிலப் படகுக்கு 2,500 டாலரும் கட்டணம் விதித்தது. பக்கத்து ஜார்ஜியா மீனவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணத்தைச் செல்லாது என்றது. இரண்டாவது 1978-இல், மான்டானா மாநிலத்தில். அங்கே எல்க் எனப்படும் பெரிய மான் வேட்டைக்கான கூட்டு உரிமம் உள்ளூர்க்காரருக்கு 30 டாலர், வெளியூர்க்காரருக்கு 225 டாலர். ஏழரை மடங்கு. இதை அதே நீதிமன்றம் செல்லும் என்றது.

ஏன் இந்த வேறுபாடு? இறால் பிடிப்பது அந்த ஜார்ஜியாக்காரரின் பிழைப்பு. மான் வேட்டை பொழுதுபோக்கு. பிழைப்பின் குறுக்கே மாநில எல்லையைப் போடாதே, பொழுதுபோக்கின் குறுக்கே வேண்டுமானால் போட்டுக்கொள் என்று தீர்ப்பின் சாரத்தை நான் புரிந்துகொண்டேன்.

இந்தக் கோட்டைத்தான் நம் ஊரில் முதலில் அளந்து கல் நட வேண்டும். பிச்சாவரம் காயலில் இருளர்கள் கழுத்தளவு தண்ணீரில் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களிடம் போய் யாராவது "பொழுதுபோக்குச் சீட்டு எங்கே?" என்று கேட்கும் நாள் வரக்கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் முதுநகர் துறைமுகப் பக்கம் போய்ப் பாருங்கள். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். படகில் கூலிக்குப் போகிறவர்களில் சிலர் கரையில் தூண்டில் நரம்பு வீசிக்கொண்டிருப்பார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். அவர் கையில் இருப்பதும் என் கையில் இருப்பதும் ஒரே மாதிரி முள்தான். ஆனால் எனக்குக் கிழங்கான் விழாவிட்டால் வீட்டில் சாம்பார் இருக்கும். சீட்டு எழுதுகிற அதிகாரி கழியைப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர், இருளர், உள்நாட்டு மீனவர் ஆகியோருக்கு இந்தச் சீட்டே தேவையில்லை என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

அடுத்தது எல்லை. இங்கே கொஞ்சம் சலுகை கொடுங்கள், இது என் தொழில்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபத்து சொச்சம் கிலோமீட்டர். ஆல்பேட்டையில் தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டினால் ரெட்டிச்சாவடி வரை தமிழ்நாடு, முள்ளோடையில் புதுச்சேரி. (கடலூர்க்காரர்கள் முள்ளோடைக்கு எதற்குப் போகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியும், மீனுக்காக இல்லை.) புதுச்சேரி ஒரே துண்டாகவும் இல்லை. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பங்கு போட்டதில் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனால் இரண்டு அரசுகளின் மண்ணை மிதிக்க வேண்டிய இடங்களை நான் காட்டுவேன். பாகூர் ஏரி புதுச்சேரியுடையது. அதற்குத் தண்ணீர் தமிழ்நாட்டில் சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரிந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. வெள்ளத்தோடு வாய்க்காலில் இறங்கிய கெண்டை எந்த இடத்தில் மாநிலம் மாறியது? ஊசுட்டேரியின் நடுவிலேயே எல்லைக்கோடு ஓடுகிறது. தண்ணீரின் மேல் கல் நட முடியாது. அந்த ஏரியைப் புதுச்சேரி அரசு 2008-இல் சரணாலயமாக அறிவித்தது, தமிழ்நாடு தன் பக்கத்தைப் பின்னர் அறிவித்தது. ஆக அங்கே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்படிப்பட்ட இடத்தில் ரேஷன் அட்டையில் எந்த மாநில முத்திரை இருக்கிறது என்று பார்த்து உள்ளூர், வெளியூர் என்று பிரித்தால், ஆற்றைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் இருக்கும் முள்ளோடைக்கு நான் வெளியூர்க்காரன். முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோயம்புத்தூர்க்காரர் எனக்கு உள்ளூர்க்காரர். புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வாழ்ந்து பிரான்ஸ் தேர்தலுக்கு ஓட்டுப் போடும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த 'சொல்தா' குடும்பத்துப் பெரியவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? டெக்சாஸ் அளவுகோலே இங்கும் போதும். ஆறு மாதம் குடியிருந்ததற்கு ஓர் அத்தாட்சி, வாடகை ஒப்பந்தமோ மின் கட்டணச் சீட்டோ இருக்கட்டும். தென்பெண்ணைக்கு இரு கரையிலும் உள்ள கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பகுதிகளுக்கு இரண்டு அரசுகளும் பேசி ஒரே சீட்டு கொடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கெடிலத்தில் இரண்டு ஒடிசாத் தம்பிகளைப் பார்ப்பேன். சிப்காட்டில் வேலை. கழிகூட இல்லாமல் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு குறவை பிடிப்பார்கள். அந்த வித்தை எனக்குக் கைவரவில்லை. இங்கே வந்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். என் மகனுக்கு டெக்சாஸில் கிடைத்ததை அவர்களுக்கு கெடிலத்தில் மறுக்க எனக்கு வாய் வராது. இந்த இடத்தில் சில நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

உரிமச்சீட்டு நமக்குப் புதிதென்றும் யாரும் சொல்ல வேண்டாம். நீலகிரியில் வேட்டைக்கும் மீனுக்கும் 1879-லேயே சென்னை மாகாண அரசு தனிச் சட்டம் செய்தது. அது வெள்ளைக்காரத் துரைமார்களின் டிரவுட் மீனுக்கும் துப்பாக்கிக்கும் பயன்பட்டது என்பது வேறு கதை. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிக்கக் கூடாது என்று 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் சொல்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாகச் சட்டம் இருக்கிறது, ஏரிக்கரையில் அதைச் சொல்லும் ஒரு பலகை மட்டும் இல்லை.

ஆகவே சீட்டுக்கு முன்னால் பலகை. ஏரியின் பெயர், அது அரசுத் துறையுடையதா ஊராட்சி ஒன்றியத்துடையதா, குத்தகைக்குப் போயிருந்தால் எடுத்தவர் யார், எந்த மாதத்தோடு முடிகிறது, தூண்டிலுக்கு அனுமதி உண்டா, உண்டென்றால் எவ்வளவு, எந்த மீனை எத்தனை அங்குலத்துக்குக் கீழே எடுக்கக் கூடாது. ஆறே வரி, ஒரு தகரம், இரண்டு கம்பி. விராலுக்கு அளவு வையுங்கள். மார்பைத் தட்டிச் சொல்கிறேன், அரைச் சாண் விராலைப் பிடித்து விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஜிலேபிக் கெண்டைக்கும், தடை செய்திருந்தும் எங்கிருந்தோ ஏரிக்குள் வந்துவிட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் கட்டுப்பாடே வேண்டாம். பிடித்தவரைக்கும் லாபம், நாட்டு மீனுக்கும் உதவி.

ஆண்டுக்கு நூறு ரூபாய் வைத்தாலும் நான் கட்டுவேன். முதியோர் சலுகையும் வேண்டாம். என்னிடம் ஒரு தாள் இருந்தால் போதும். அடுத்த முறை பைக்கில் வருகிறவரிடம் அதை நீட்டலாம். ஏரிக்கரையில் அன்று பேரன் கேட்டான்: "தாத்தா, நாம் திருடினோமா?" இல்லையடா, குத்தகை, கட்டணம், வெளியூர் என்று ஏதேதோ சொன்னேன். அவனுக்கு ஒன்பது வயது. நான் தடுமாறியதைக் கவனித்துவிட்டான். அந்த இரண்டு ஜிலேபிக் கெண்டையையும் வீட்டுக்கு எடுத்துப் போகச் சம்மதிக்காமல் அவனே தண்ணீரில் விட்டுவிட்டான். விட்டிருக்கத் தேவையில்லாத மீன் அது என்று அவனுக்கு இன்னும் நான் சொல்லவில்லை.

கடிதம் எழுதிய புதுச்சேரி வாசகர் தூண்டில் போடுகிறவரா என்று தெரியவில்லை. போடுகிறவர் என்றால், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆல்பேட்டைப் பாலத்துக்குக் கிழக்கே, தென்கரையில் இருப்பேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வெளியூர்க் கட்டணம் கேட்க மாட்டேன். புழு நான் கொண்டுவருகிறேன்.

தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற நில அளவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.